பாத்ரூமில் வழுக்கினதுக்கே மூளையில் ரத்தக்கட்டா?

கேள்வி:
அப்பாவுக்கு 74 வயது. மூன்று வாரம் முன்னால் பாத்ரூமில் வழுக்கி, தலை சுவரில் இடித்தது. சின்ன வீக்கம், அதோடு சரி. போன வாரம் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். கையிலிருந்த டம்ளர் இரண்டு முறை நழுவியது. வயசாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். ஸ்கேன் எடுத்தால், மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது! ஓட்டை போட்டு எடுத்துவிட்டார்கள், தேறிவருகிறார். தலைக்காயம் என்றாலே பைக்கில் பறக்கிற பையன்கள்தான் என்று நினைத்திருந்தேன். இது இவ்வளவு சகஜமா?

பதில் 1:
நரம்பியல் அறுவை வார்டில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். சகஜம்தான். உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 6.9 கோடி பேருக்கு மூளையில் அடிபடுகிறது என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பையன்கள் நிறைய வருவார்கள், பொய்யில்லை. பெண்களைவிட ஆண்கள்தான் அதிகம். ஆனால் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தால் உங்கள் அப்பா மாதிரி ஒருவர் இருப்பார். நடை பழகும் குழந்தைகளும் 65 தாண்டியவர்களும் பெரும்பாலும் விழுந்துதான் வருகிறார்கள்.

வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். அதன் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசாக இடித்தாலே ஒன்று அறுந்து, மெதுவாகக் கசியும். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா?

கேட்டவர்:
ஆமாம், இதயத்துக்காக. விழுந்த அன்று அதை நான் யோசிக்கவே இல்லை.

பதில் 2:
நான் அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டவள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மாதம் வெளிச்சம் பார்த்தாலே கண் கூசும், பக்கத்தின் அடிக்கு வருவதற்குள் முதல் வரி மறந்துபோகும். ‘லேசான காயம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மூளைக்காயங்களில் முக்கால்வாசிக்கு மேல் இந்த வகைதானாம். நிறையப் பேர் டாக்டரிடமே போகமாட்டார்கள், அப்புறம் எந்தக் கணக்கில் வரும்?

பதில் 1:
சரியாகச் சொன்னீர்கள். கேட்டவருக்கு ஒன்று: அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம், டாக்டர் சொல்லட்டும். இனி தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே கூட்டிப்போங்கள். பாத்ரூமில் கைப்பிடி இருக்கிறதா?

கேட்டவர்:
நேற்றுதான் மாட்டினேன். “நான் என்ன கிழவனா?” என்று கேட்டுவிட்டு, அதில் துண்டைக் காயப்போட்டிருக்கிறார்.