'ப்ளீக் ஹவுஸ்' 2005: அரைமணி அரைமணியாக டிக்கன்ஸ்

தெருவிளக்கு:
சார்லஸ் டிக்கன்ஸின் நாவலை வைத்து பிபிசி 2005-இல் எடுத்த 'ப்ளீக் ஹவுஸ்' தொடரைப் போன வாரம்தான் பார்த்து முடித்தேன். திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ். 15 பகுதிகள்; முதல் பகுதி ஒரு மணி நேரம், மற்றவை அரைமணி. ஈஸ்ட்எண்டர்ஸ் என்ற நெடுந்தொடர் முடிந்த கையோடு இதைப் போட்டார்கள். எடுத்த விதமும் அதே ஜாதி. இடம் மாறும்போதெல்லாம் 'விர்ர்' என்று ஒரு சத்தம், படபடவென்று நாலு வெட்டு. சான்சரி நீதிமன்றத்தில் தலைமுறை தலைமுறையாக இழுபடும் வழக்கைப் பற்றிய கதைக்கு இந்த அவசரம் எதற்கு?

பழையபேப்பர்:
டிக்கன்ஸ் அதைத் தொடராகத்தானே எழுதினார்? 1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை மாதம் ஓர் இதழ், 32 பக்கம், விலை ஒரு ஷில்லிங். அடுத்தது என்ன என்று ஒரு மாதம் தவிக்கவிட்டவர் அவர். கொக்கி போட்டு நிறுத்துவது டேவிஸ் புதிதாகச் சேர்த்ததில்லை. 1985-இல் இதே பிபிசி நடிகை டயானா ரிக்கை வைத்து 8 பகுதிகளில் நிதானமாக எடுத்ததே, அது உங்களுக்குப் பிடிக்கும்.

தெருவிளக்கு:
பிடிக்கும், அதிலென்ன? ஆனால் என் சண்டை நீளத்தோடு இல்லை, குரலோடு. நாவலை இரண்டு பேர் சொல்கிறார்கள். ஒன்று கதாநாயகி எஸ்தர், நடந்து முடிந்ததை அடக்கமாகச் சொல்கிறாள். இன்னொன்று பெயரில்லாத ஒரு குரல், எல்லாவற்றையும் இப்போது நடப்பதாகவே சொல்கிறது, கிண்டலும் கோபமுமாக. தெருக்கூட்டும் பையன் ஜோ சாகும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் உட்கோர்ட் ஜெபத்தைச் சொல்லித்தர, அவன் வரி வரியாகத் திருப்பிச் சொல்கிறான். பாதியில் மூச்சு நிற்கிறது. உடனே அந்தக் குரல் மகாராணியையும் பிரபுக்களையும் பாதிரிமார்களையும் நேராகக் கூப்பிட்டு, செத்துவிட்டான் என்று அறிவிக்கிறது. நம்மைச் சுற்றித் தினமும் இப்படிச் சாகிறார்கள் என்கிறது. தொடரிலும் ஜோ சாகிறான், அழுகை வருகிறது. குற்றம் சாட்ட அந்தக் குரல் இல்லை.

பழையபேப்பர்:
அந்த இடம் தோல்விதான், சரி. ஆனால் குரல் செய்வதை முகம் செய்யும் இடங்களும் உண்டு. தொடக்கத்தில் வக்கீல் டல்கிங்ஹார்ன் வழக்குக் காகிதம் வாசிக்கிறார். சலித்துப்போய் உட்கார்ந்திருக்கும் சீமாட்டி லேடி டெட்லாக், அதில் தன் பழைய காதலனின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இதை யார் நகலெடுத்தது என்று கேட்கிறாள். அவ்வளவுதான், அவள் கதை முடிந்தது. சீமாட்டியாக நடிக்கும் கில்லியன் ஆண்டர்சன் அசைவதே இல்லை. வக்கீலாக வரும் சார்லஸ் டான்ஸின் கண் மட்டும் அவள் பக்கம் போய் நிற்கிறது. இதற்கு எந்தக் குரல் வேண்டும்?

கேப்பங்கஞ்சி:
நடுவில் நுழைகிறேன். ஸ்னாக்ஸ்பியை ஏன் தூக்கினார்கள்? ஜோவைப் பார்க்கும்போதெல்லாம் அரை கிரௌன் நாணயத்தைக் கையில் திணித்துவிட்டு நழுவும் அந்தக் காகிதக்கடைக்காரர்! அவருக்குப் பதிலாக க்ளாம்ப் என்று ஒரு குமாஸ்தாவைப் புகுத்தியிருக்கிறார் டேவிஸ். பேக்னெட் குடும்பமும் காலி. ஆனால் பழைய சாமான் கடைக்காரர் குரூக் தானாகவே தீப்பற்றிச் சாவதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அப்படி நடக்கவே நடக்காது என்று விமர்சகர் ஜி. எச். லூயிஸ் அந்தக் காலத்திலேயே டிக்கன்ஸோடு மல்லுக்கு நின்றார்.

பழையபேப்பர்:
67 அத்தியாயம் ஐயா, எட்டு மணி நேரம். யாராவது போய்த்தான் ஆகவேண்டும். ஸ்னாக்ஸ்பிக்காக எனக்கும் வருத்தம்தான்.

தெருவிளக்கு:
போகட்டும், ஆனால் யார் போகிறார்கள் என்று பாருங்கள். ஏழைக்கு ஒளித்துக் காசு கொடுக்கும் கடைக்காரரும், கடன் தொல்லையில் நண்பனைக் கைவிடாத பேக்னெட்டும் போனார்கள். மாளிகை ரகசியம் முழுசாக இருக்கிறது. டேவிஸ் சோம்பேறி என்று சொல்லமாட்டேன், அவர் சீமாட்டியின் கதையைத் தேர்ந்தெடுத்தார்.

பழையபேப்பர்:
அப்படியானால் கடைசி நீதிமன்றக் காட்சி? சொத்து முழுவதும் வழக்குச் செலவிலேயே கரைந்துபோய், அந்த வழக்கையே நம்பியிருந்த ரிச்சர்ட் நொறுங்கிப் போகிறானே, அதுவும் சீமாட்டி கதையா? அதைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.