காசின் இரு பக்கங்கள்: 'தலை, பூ' போதுமா?

> 'பூவா தலையா' எல்லோருக்கும் தெரியும். தலைப்பக்கம், பூப்பக்கம் என்றே வைத்துவிடலாமே.

ஐயா, வணக்கம்.

காசின் இரு பக்கங்களுக்கு (ஆங்கிலத்தில் obverse, reverse) தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்னது இன்றைய காசுக்குச் சரி. ரோமானிய வெள்ளிக்காசான தினாரியசுக்கு வந்தால் இடிக்கிறது. கி.மு. 49-இல் சீசர் வெளியிட்ட காசில் ஒரு பக்கம் பாம்பு போன்ற ஒன்றை மிதிக்கும் யானை, கீழே சீசரின் பெயர். மறுபக்கம் பூசாரியின் அகப்பை, கோடரி, குல்லாய். தலையே இல்லாத காசுக்கு எது தலைப்பக்கம்?

முன்புறம், பின்புறம் என்பதும் எனக்கு உவப்பில்லை. பின்புறம் என்றாலே ஏதோ மட்டம் போலத் தொனிக்கிறது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் கி.மு. 42 வாக்கில் அடித்த காசில் ஒரு பக்கம் அவர் தலை. சேதியெல்லாம் அந்தப் 'பின்புறத்தில்'தான்: இரண்டு குத்துவாள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே கொலை நடந்த மார்ச் 15-ஐக் குறிக்கும் எழுத்து.

படத்தை விட்டுவிட்டுக் காசு அடித்த விதத்திலிருந்து பெயரெடுப்போம். படம் செதுக்கிய கீழச்சு பட்டடையில் பதிந்திருக்கும். அதன்மேல் வெள்ளி வில்லை, அதற்கும் மேலே கையில் பிடித்த மேலச்சு, அப்புறம் சம்மட்டியால் ஒரு போடு. ஆகவே என் பரிந்துரை: கீழச்சு பதிந்த பக்கம் பட்டடை முகம், மேலச்சு பதிந்த பக்கம் சம்மட்டி முகம். ('சுத்தியல் முகம்' வாயில் நிற்கவில்லை.)

அடி நேராக விழுவது மேலச்சில். அதுதான் பெரும்பாலும் முதலில் விரிசல் விடும்; அதை மட்டும் மாற்றுவார்கள். ஒரே பட்டடை முகத்தோடு பல சம்மட்டி முகங்கள் ஜோடி சேர்வது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், ஒரு பக்கம் கீழச்சிலுள்ள தலை புடைத்தும் மறுபக்கம் அதே தலை இடவலம் மாறிக் குழிந்தும் வரும். இரண்டுமே பட்டடை முகம்தான்! இந்தப் பிழைக்காசுக்கு 'ஒட்டடி' என்று பெயர் வைக்கலாமா?

நம் பழைய முத்திரைக் காசுகளுக்கு இந்த இணை பொருந்தாது. அவற்றில் சின்னங்களைத் தனித்தனியாகக் குத்தினார்கள். அங்கே வேறு சொல் பார்ப்போம்.

கோவைப் பக்கத்துப் புதையல்களில் கிடைத்த ரோமப் பேரரசர் திபேரியஸ் காசுக்குப் பட்டியலில் பதிவு எழுதினால் இப்படி வரும்:

பட்டடை முகம்: இலைமாலை சூடிய திபேரியஸ் தலை, வலப்பக்கம் பார்த்தது.
சம்மட்டி முகம்: செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்.

நீளம் என்று தோன்றினால் பட்டியலில் ப.மு., ச.மு. என்று சுருக்கிக்கொள்ளலாம்.