சிபில்ல (நம்ம கடன் கணக்கையும் ஸ்கோரையும் வெச்சிருக்கற கம்பெனி) 'செட்டில்டு'ன்னு விழுந்த பிறகு மறுபடி லோன் வாங்கினவங்க அனுபவம் சொல்லுங்க

நான் மொதல்ல சொல்லிடறேனுங்க. திருப்பூர்ல பவர்டேபிள் (தையல் மெஷின் வரிசை) போட்டு ஜாப் ஒர்க் ஓட்டிட்டிருந்தோம், 2020 லாக்டவுன்ல தெச்சுக் குடுத்த பீஸுக்கே காசு வரல, பர்சனல் லோன், கார்டு எல்லாம் ட்யூ நின்னுபோச்சு. மஞ்சக் கடுதாசி குடுத்துருங்கன்னு, அதாவது ஐபி (திவால் மனு) போட்டுருங்கன்னு வக்கீல் சொன்னாரு. தனி ஆளு ஐபி போடறதுக்கு இன்னமும் 1920 சட்டம்தான், சப் கோர்ட்டுல போடோணும், சொத்து கோர்ட்டு போடற ரிசீவர் கைக்குப் போயிரும். அப்பா காலத்து வீடு இருக்குதேன்னு வேண்டாம்னுட்டோம். மெஷினை வித்து ஒரு தொகையைக் கட்டி கணக்கை முடிக்கற ஒன் டைம் செட்டில்மென்ட் பேசி முடிச்சோம்.

முடிஞ்சுதுன்னு நெனச்சா, பொண்ணு காலேஜுக்கு லோன் கேக்கப் போனப்ப மேனேஜர் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டறாரு, 'செட்டில்டு'. அப்டின்னா பேங்க் கொஞ்சம் விட்டுக்குடுத்துச்சு, நீங்க முழுசாக் கட்டலைன்னு அர்த்தமாம், வருசக்கணக்கா ரிப்போர்ட்ல நிக்குமாம். அவரு பொறுமையாச் சொன்னாரு, அன்னிக்கு அது பெரிய ஒத்தாசை. பழைய பேங்க்குக்குப் போய் தள்ளுபடி பண்ணின பாக்கியையும் தவணையாக் கட்டி நோ ட்யூ லெட்டர் வாங்கினேன், அதுக்கப்புறமும் அவங்க 'க்ளோஸ்டு'ன்னு மாத்தல. சிபில் சைட்லயே டிஸ்ப்யூட் (பதிவு தப்புன்னு புகார்) போட்டேன், 2024 ஏப்ரல்ல இருந்து 30 நாளுக்கு மேல இழுத்தா ஒரு நாளைக்கு 100 ரூபா வீதம் நமக்குத் தரோணும்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்குது, அதை எழுதி பேங்க் குறைதீர் பிரிவுக்கும் மெயில் போட்டதும்தான் அசைஞ்சாங்க. சிபில்ல மாறியும் எக்ஸ்பீரியன்ல பழசாவே கெடந்துச்சு! சிபிலையும் சேத்து இந்த மாதிரி நாலு கம்பெனி இருக்குதுங்க, நாலுமே வருசத்துக்கு ஒருக்கா முழு ரிப்போர்ட் ஃப்ரீயாத் தரோணும், நாலையும் எடுத்துப் பாருங்க.

---

அண்ணா, நான் ஈரோடு. வீட்டுக்காரர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டதுல என் ஸ்கோரும் சேந்து விழுந்துச்சு, நான் ஒரு ரூபா செலவு பண்ணல, ஆனா கேரண்டர்னா அதுவும் நம்ம கணக்குலதான் வருது. கலெக்ஷன் ஆளுங்க ராத்திரில கூப்பிட்டு மாமியார்கிட்ட எல்லாம் பேசினாங்க, காலைல 8க்கு முன்னாடியும் சாயங்காலம் 7க்கு அப்புறமும் கூப்பிடக் கூடாதுன்னு ரூல் இருக்குன்னு சொல்லி கால் ரெக்கார்டோட எழுத்துல புகார் குடுத்தேன், நின்னுச்சு. அதுக்கப்புறம் எனக்குக் கைகுடுத்தது எஃப்டி மேல தர்ற கார்டு. அதுக்கு ஸ்கோர் பெருசா பாக்கல, எஃப்டி பணம்தான் அவங்களுக்கு ஈடு. கேஸ் சிலிண்டர், கரண்ட் பில் மட்டும் அதுல போட்டு ட்யூ தேதிக்கு முன்னாடியே முழுசாக் கட்டிருவேன். மினிமம் ட்யூ மட்டும் கட்டற பழக்கம் வேண்டவே வேண்டாம், மிச்சத்துக்கு வட்டி ஓடிட்டே இருக்கும். நகைக்கடனை ஒழுங்கா திருப்பினதும் ரிப்போர்ட்ல ஏறுச்சு, அது எனக்கே அப்புறம்தான் தெரியும்.

---

சகோ ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து ஒருத்தன் போன் பண்ணி, பணம் கட்டினா 'செட்டில்டு'ங்கறதையே அழிச்சுத் தர்றேங்கறான், ஆதார், பான் காப்பி வேற கேட்டான். உண்மையான பதிவை கடன் குடுத்தவங்க மாத்தி அனுப்பினாதான் மாறும், டிஸ்ப்யூட் போட காசே கிடையாது. நான் குடுக்கல, நீங்களும் குடுத்துராதீங்க. அண்ணா, பொண்ணு லோன் கடைசில கிடைச்சுதா?

---

கிடைச்சுதுங்க. பொண்ணோட அம்மாவை கோ-அப்ளிகன்ட்டா (கூட விண்ணப்பிக்கறவங்களா) போட்டு, போன ஜூன்ல சேத்தாச்சு.