நாடுகளின் இணைய வேகப் பட்டியலை நம்பலாமா?

செழியன்:
ஸ்பீட்டெஸ்ட் என்ற இணைய வேகச் சோதனையை நடத்தும் ஊக்லா நிறுவனம் வெளியிடும் உலக வேகப் பட்டியலைக் காட்டி, எந்த நாடு முன்னே, எது பின்னே என்று சண்டை போடுகிறோம். அந்தப் பட்டியல் ஒரு நாட்டின் இணையத்தை அளப்பதில்லை. ஸ்பீட்டெஸ்ட் பொத்தானை அமுக்கியவர்களின் இணைப்பை மட்டும் அளக்கிறது. புதிதாக ஃபைபர் போட்டவர் ஆசையாக அமுக்குவார். நெட் இழுத்துக்கொண்டு கிடந்தால் எரிச்சலில் அமுக்குவார் இன்னொருவர். இணைப்பே போய்ச் சேராத ஊர் கணக்கில் வரவே வராது.

கயல்:
எல்லா நாட்டுக்கும் ஒரே கருவி, ஒரே முறை. கோணல் இருந்தால் எல்லாருக்கும் அதே கோணல்தானே? 2021 இறுதியில் ஊக்லா சராசரியை விட்டுவிட்டு இடைநிலை அளவுக்கு (எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது) மாறியது. கிகாபிட் வைத்திருக்கும் கொஞ்சம் பேர் மொத்தக் கணக்கையும் தூக்கிவிடுவது அதோடு குறைந்தது.

செழியன்:
அதே கோணல் இல்லை என்பதுதான் என் வாதம். வேகமான இணைப்பில் ஒரு சோதனையே நூற்றுக்கணக்கான மெகாபைட்டைத் தின்றுவிடும். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர் அதைத் தொடமாட்டார். அப்படிப்பட்டவர்கள் அதிகமுள்ள நாட்டில் வசதியானவர்களின் எண்ணே மேலே வரும்.

வலைஞன்:
இருவருமே சர்வரை மறந்துவிட்டீர்கள். ஊக்லா உங்களுக்குப் பக்கத்திலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். பல நேரம் அது உங்கள் இணைய நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து குழாயை நிரப்பிப் பார்க்கும். எம்-லேப் என்ற திறந்த இணைய அளவீட்டுத் திட்டத்தின் என்டிடி வேகச் சோதனை ஒரே ஒரு டிசிபி ஓட்டத்தில், அதாவது ஒற்றை இணைப்பில் நடக்கும், சர்வரும் நிறுவனத்தின் வலைக்கு வெளியே இருக்கும். ஒரே வீட்டில் இரண்டும் இரண்டு எண் சொல்லும், இரண்டும் உண்மை. முதலாவது வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பியின் கொள்ளளவு. மற்றது அந்த வலையைத் தாண்டிப் போகும் ஒற்றை ஓட்டத்துக்குக் கிடைப்பது. கேபிள்.கோ.யூகே என்ற பிரிட்டன் தளத்தின் நாடுகள் பட்டியல் எம்-லேப் தரவிலிருந்து வருவதால் அதே நாடு அங்கே வேறு இடத்தில் நிற்கும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. 2017 முதல் காலாண்டில், இணையதளங்களின் உள்ளடக்கத்தைத் தன் சர்வர்கள் வழியாகக் கொண்டுசேர்க்கும் அகமாய் நிறுவனம் கணக்கிட்ட உலகச் சராசரி நொடிக்கு 7.2 மெகாபிட், முதலிடத்தில் தென் கொரியா 28.6. அந்த எண்ணை இன்றைய ஊக்லா எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து 'இத்தனை மடங்கு வளர்ச்சி' என்கிறார்கள். அகமாய் அளந்தது தன் சர்வர்களிலிருந்து உள்ளடக்கம் உண்மையில் போய்ச் சேர்ந்த வேகத்தை. இரண்டையும் வகுத்து வரும் மடங்குக்கு அர்த்தமே கிடையாது.

கயல்:
சரி, வேறு என்ன இருக்கிறது? அமெரிக்காவின் எஃப்சிசி, பிரிட்டனின் ஆஃப்காம் ஆகிய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புகள், சாம்நோஸ் நிறுவனத்தின் அளவீட்டுப் பெட்டிகளைத் தன்னார்வலர் வீடுகளில் வைத்து அளந்தன. ரவுட்டர் பக்கத்திலேயே அளப்பதால் வைஃபை குறுக்கே வராது, இரவு பகல் ஓடும். ஆனால் சில ஆயிரம் வீடுகள், கைவிட்டு எண்ணும் அளவு நாடுகள். அதை வைத்து உலகை ஒப்பிட முடியாது.

செழியன்:
பார்த்துப் பொறுக்கிய சில ஆயிரம் வீடுகள், தானாக வந்து சேர்ந்த கோடிப் பேரைவிட மேல். நேரமும் முக்கியம். பிரிட்டனில் 2018 மே முதல், விளம்பரத்தில் போடும் வேகம் இரவு 8 முதல் 10 மணி வரை குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்க வேண்டும். முன்பு 10 சதவீதம் பேருக்குக் கிடைத்தாலே போதும். நாடுகளின் பட்டியலில் அதிகாலை 3 மணிச் சோதனையும் இரவு 9 மணிச் சோதனையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

மழைத்துளி:
பதிவிறக்க வேகத்தையே கட்டிக்கொண்டு அழுகிறோம். 500 மெகாபிட் இணைப்பிலும் யாராவது பெரிய கோப்பை ஏற்றினால் வீடியோ அழைப்பு திக்கித் திணறும். ரவுட்டரின் இடையகத்தில் (தரவு தற்காலிகமாகக் காத்திருக்கும் நினைவகம்) பாக்கெட்டுகள் என்னும் தரவுத் துண்டுகள் வரிசையில் தேங்குவதே காரணம். இணைப்பு சும்மா இருக்கும்போது அளந்த தாமதத்தில் (தரவு போய்த் திரும்ப ஆகும் நேரம்) இது தெரியாது, சுமை ஏறும்போது அளக்க வேண்டும்.

கயல்:
மழைத்துளி சொல்வது நியாயம். ஆனால் ஊக்லாவைத் தூக்கி எறிய மாட்டேன். நகர நாடான சிங்கப்பூரையும் பரந்து கிடக்கும் கனடாவையும் ஒரே வரிசையில் நிறுத்துவதை விட்டுவிட்டு, ஒரு நாட்டுக்கு உள்ளேயே பாருங்கள். ஏறத்தாழ 610 மீட்டர் சதுரக் கட்டங்களாகக் காலாண்டுத் தரவை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள்.

செழியன்:
அந்தத் தரவை ஏற்கிறேன். கட்டத்துக்கு எத்தனை சோதனை, எத்தனை கருவி என்றும் அதில் இருக்கிறது. தரவரிசைக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணிக்கையையும் போட்டால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். மீதிப் பாதி, ஒரு சோதனைகூட இல்லாமல் காலியாகக் கிடக்கும் கட்டங்களைப் பற்றியது. அங்கே ஆள் இல்லையா, இணைப்பு இல்லையா என்று மக்கள்தொகைக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தவர் யாராவது இருந்தால் இங்கே பதிவிடுங்கள்.