ஈரல் கொழுப்பு, பாசி மாத்திரை: கலைச்சொல் தேவை (வியாழன் அச்சு)

குழுமத்தாருக்கு வணக்கம்.

கல்லீரல் புறநோயாளிகளுக்கான துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வியாழன் அச்சுக்குப் போக வேண்டும். குளோரெல்லா, ஸ்பைருலினா என்னும் பாசி மாத்திரைகள் பற்றிய ஒரு வரியில் வண்டி நிற்கிறது: "பாசித் துணையுணவு, கொழுப்புக் கல்லீரலுக்கு ஒரு துணைச் சிகிச்சை." ஒரே வரியில் இரண்டு துணை! இணையுணவு என்று மாற்றினால் அங்கன்வாடி சத்துமாவு ஆகிவிடும். கைகொடுங்கள்.
– கு.

*

அன்புள்ள கு.,

கொழுப்பை முதலில் விடுங்கள். நிணம் என்ற பழஞ்சொல் இருக்க அது எதற்கு? 'நிணவீரல்' என்க. பாசி, பசுமை, பசலை மூன்றும் ஒரே அடி. தொட்டால் விலகி, விட்டால் மூடிக்கொள்ளும் பாசியை, காதலரைப் பிரிந்தவள் மேனியில் படரும் பசலைக்கு உவமையாக்கினார் பரணர் (குறுந்தொகை 399). குளோரெல்லாவின் கிரேக்க வேரும் பச்சைதான். ஆகவே அது 'பைம்பாசி'. மற்றது 'சுருட்பாசி'. ஈரல் என்பதிலும் ஈரம் ஒளிந்திருக்கிறது. அதை விரித்தால் மண்ணீரல், நுரையீரல் வரை போகலாம்.
– புலவர் இரா.

*

போக வேண்டாம் ஐயா, வியாழன் வந்துவிடும். நிணநீர் என்பதைப் பாடநூல்கள் வேறொன்றுக்கு (லிம்ஃப்) எடுத்துக்கொண்டன. நிணவீரல் என்றால் கழுத்தில் நெறிகட்டியதா என்று கேட்பார்கள்.

ஆனால் கொழுப்பை விடச் சொல்வதில் நியாயம் உண்டு. 'ஃபேட்டி' என்பது நோயாளியைக் குத்துகிறது என்று 2023இல் பன்னாட்டுக் கல்லீரல் அமைப்புகளே ஆங்கிலப் பெயரை மாற்றின. பதிலுக்குப் பிடித்த கிரேக்கச் சொல்லுக்கும் பொருள் கொழுப்புதான், அது வேறு கதை. நம்மூரில் இன்னும் மோசம்: "உனக்குக் கொழுப்புன்னு டாக்டரே சொல்லிட்டாரா?" என்று வீட்டிலேயே சிரிக்கிறார்கள். இருந்தாலும் ஸ்கேன் சீட்டோடு வருகிறவர் சொல்வது "ஈரல்ல கொழுப்பு". அதைவிடத் தெளிவான சொல் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு உறுத்துவது 'சிகிச்சை'. ஈரானின் தப்ரீஸில் ஈரலில் கொழுப்பு சேர்ந்த 70 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் தினம் 1200 மி.கி. குளோரெல்லா, 8 வாரம் கொடுத்தார்கள். இரத்தச் சர்க்கரையும் அழற்சிக் குறிகளும் ஓரளவு இறங்கின. அவ்வளவுதான். அதிக எடை உள்ளவர் 7 முதல் 10 விழுக்காடு எடை குறைத்தால் ஈரல் அழற்சியே தணியும், சிகிச்சை அதுதான். 'துணை' என்று அச்சிட்டால் நடையை நிறுத்திவிட்டு டப்பாவைத் திறப்பார்கள். சில நீலப்பச்சைப் பாசிகள் சுரக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சு மாத்திரையில் கலந்துவிட்டால், அது தாக்குவதும் கல்லீரலைத்தான்.
– மரு. செ.

*

ஸ்பைருலினா பாசியே அல்ல, பாக்டீரியா! பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் திருத்துவார்கள். அப்புறம், மொட்டையாகப் பாசி என்றால் மண்டபம் பக்கம் கடலில் எடுக்கும் பாசி. நோன்பு வீடுகளில் பால், சீனி போட்டுக் காய்ச்சித் துண்டு போடும் கடற்பாசி. அதைத் தின்றால் ஈரல் கொழுப்பு கரையும் என்று யாராவது கிளம்பினால்? 'நுண்பாசி' என்றாவது போடுங்கள். பாக்டீரியாவைப் பொறுத்துக்கொள்கிறேன்.
– மா., உயிரியல் ஆசிரியை

*

துணை வேண்டாமென்றால் 'கூட்டுச் சிகிச்சை'?
– வே.

*

வே., தொழுநோய்க்குக் 'கூட்டு மருந்துச் சிகிச்சை' என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது மறந்துவிட்டதா?
– செ.

*

நன்றி. ஐந்து பேருக்கு நால்வர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கலைச்சொல்லே இல்லாமல் கேள்வியாக்கிவிட்டேன்: "ஈரலில் கொழுப்பு சேர்ந்தவர்கள், மருத்துவர் சொன்ன சிகிச்சையை விடாமல், கூடவே நுண்பாசி மாத்திரையும் சாப்பிடலாமா?" கீழே செ. சொன்ன விவரம் வரும்.
– கு.

*

நுண்பாசி சரி. கொழுப்பையும் சகித்துக்கொள்கிறேன். சிகிச்சை வடசொல், மருத்துவம் என்றால் என்ன குறைந்துவிடும்? என் மறுப்பைப் பதிவு செய்க. மாத்திரை பற்றித் தனி மடல் வருகிறது.
– இரா.