மெல்பர்ன் வசந்த காலம்: மகரந்த ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் சேர்ந்திருந்தால் மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி – திருச்சிக்காரன்

வணக்கம். மெல்பர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். சிறு வயதில் இருந்த வீசிங் கல்லூரிக் காலத்தோடு போய்விட்டதாக நம்பியிருந்தேன். இங்கு வந்து முதல் இரண்டு வசந்த காலங்களில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த ஆண்டு அக்டோபரில் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கி, நவம்பரில் இரவு இருமலும் இரைப்பும் சேர்ந்துகொண்டன. மருத்துவர் தடுப்பு இன்ஹேலர் ஒன்றும் மூச்சு முட்டும்போது அடித்துக்கொள்ளும் நீல இன்ஹேலர் (இங்கு ‘நீல பஃபர்’ என்பார்கள்) ஒன்றும் எழுதிக் கொடுத்தார். இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது என்று ஊரிலிருந்து அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததால், தடுப்பு இன்ஹேலரைச் சில வாரங்களிலேயே நிறுத்திவிட்டு, செட்டிரிசின் என்னும் ஒவ்வாமை மாத்திரையையும் மூச்சு முட்டும்போது நீல பஃபரையும் வைத்தே சமாளித்தேன். அந்த வசந்தத்தின் கடைசி மாதத்தில் நீல பஃபர் அநேகமாகத் தினமும் தேவைப்பட்டது. இதோ ஆகஸ்ட் முடியப் போகிறது. இந்த ஆண்டையும் இப்படியே ஓட்டிவிடலாமா? இடி மழை வந்தால் ஆஸ்துமா வரும் என்று அண்டை வீட்டார் சொல்வது உண்மைதானா?

பதில் – இரவுப் பணிச் செவிலியர்

ஓட்ட வேண்டாம் என்பதே என் பதில். நீல பஃபரில் உள்ள சால்பியூட்டமால் இறுகிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் தளர்த்துமே தவிர, உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடுவதில்லை. அழற்சியை அடக்குவது தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டுதான். அது மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிற மருந்து, அடிமைப்படுத்துவதில்லை. எடுத்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாயில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பும் குறையும். ஜினா என்னும் உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு, பெரியவர்களுக்கு நீல பஃபரை மட்டும் கொடுத்து அனுப்புவதை 2019-லேயே பரிந்துரையிலிருந்து நீக்கிவிட்டது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அது தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். உங்களுக்கோ தினமும் தேவைப்பட்டிருக்கிறது.

செட்டிரிசின் தும்மலையும் அரிப்பையும் குறைக்கும், ஆனால் இரைப்புக்கு அது மருந்தல்ல. மூக்கடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே நல்லது. அது முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் செப்டம்பரிலேயே தொடங்குவது புத்திசாலித்தனம். பலரும் தலையை அண்ணாந்து அடித்து, பலமாக உறிஞ்சி, மருந்து தொண்டையில் இறங்கிக் கசக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். தலையைச் சற்று முன்னால் குனிந்து, வலது மூக்கில் இடது கையாலும் இடது மூக்கில் வலது கையாலும், முனையை நடுச்சுவரை விட்டு வெளிப்புறமாகத் திருப்பி அடித்து, மெதுவாக மூச்சிழுத்தால் போதும்.

பதில் – பழைய மெல்பர்ன்வாசி

இடி மழை பற்றி உங்கள் அண்டை வீட்டார் சொன்னது உண்மை. 2016 நவம்பர் 21 அன்று நான் இங்குதான் இருந்தேன். பகலில் 35 பாகை வெயில், வடக்கிலிருந்து அனல் காற்று. மாலையில் வானம் கறுத்ததைப் பார்த்து, கொடியில் கிடந்த துணிகளை எடுக்க ஓடினேன். மழைக்கு முன் ஒரு குளிர்காற்று புழுதியோடு முகத்தில் அறைந்தது. அரை மணி நேரத்தில் நெஞ்சுக்குள் விசில் சத்தம். அதுவரை எனக்குத் தும்மல் உண்டு, ஆஸ்துமா இருந்ததே இல்லை. பக்கத்து வீட்டுச் சிறுவனின் நீல பஃபரும், அதில் பொருத்தி மருந்தை இழுக்கும் பிளாஸ்டிக் குழலான ஸ்பேசரும்தான் அன்று என்னைக் காப்பாற்றின. அந்த இடி மழை ஆஸ்துமாவால் பத்துப் பேர் இறந்தார்கள். அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் நம் இந்திய, இலங்கை வம்சாவளியினர் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம்.

சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களில் வளரும் ரைகிராஸ் என்னும் புல்லின் மகரந்தம் முழுதாக இருக்கும்வரை பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். ஈரம் பட்டு வெடித்தால் வெளிவரும் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். புயலின் முன்காற்று அவற்றைத் தரைமட்டத்தில் வாரி இறைக்கிறது. ஆகவே மழையைவிட அதற்கு முன் வரும் காற்றுக்குத்தான் அஞ்ச வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை விக்டோரியா மாநிலத்தின் அவசரகாலச் செயலியான விக்எமர்ஜென்சியில் இடி மழை ஆஸ்துமா முன்னறிவிப்பு வருகிறது. அபாயம் அதிகம் என்று அது சிவப்பு காட்டும் நாளில் காற்று எழுமுன்பே உள்ளே போய் ஜன்னல்களை அடைத்துவிடுங்கள். வெளிக்காற்றை இழுக்கும் குளிரூட்டியையும் நிறுத்துங்கள்.

மூச்சு முட்டினால் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃபாக நான்கு, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு; நான்கு நிமிடம் பொறுத்தும் குறையாவிட்டால் அவசர உதவி எண் 000-ஐ அழைத்துவிட்டு, உதவி வரும்வரை அதையே தொடருங்கள். பேசவே முடியாத அளவு முட்டினால் முதலிலேயே அழையுங்கள்.

திருச்சிக்காரன்

இருவருக்கும் நன்றி. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். எப்போது எந்த மருந்து எடுப்பது, எப்போது உதவி கேட்பது என்று எழுதிய ஆஸ்துமா செயல்திட்டமும் கேட்டு வாங்குகிறேன். அலமாரியில் கிடந்த ஸ்பேசரைக் கழுவித் துணியால் துடைத்து வைத்தேன், சரிதானே?

இரவுப் பணிச் செவிலியர்

துணியால் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் நிலை மின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் மீண்டும் ஒருமுறை அலசி, வேறு நீர் ஊற்றாமல், அப்படியே காற்றில் உலர விடுங்கள்.