43 வயதில் பியானோ கிரேடு 3 தேறவில்லை, மறுபடி கீபோர்டு முன்னால் உட்கார மனம் வரவில்லை

வில்லாபுரம்_வாசி:

வணக்கம். வீட்டிலும் வேலை பார்க்கும் இடத்திலும் இதைப் பேச ஆள் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்கு ஊர் மதுரை, வில்லாபுரம். வயது 43. ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆர்மோனியம் இருந்தது. தினமும் சாயங்காலம் அந்த வாசலில் போய் நின்று கேட்பேன், தொட விட மாட்டார்கள். அந்த ஆசை உள்ளேயே கிடந்தது. நாலு வருஷம் முன்னால் சீட்டு எடுத்த பணத்தில் 61 கீ உள்ள ஒரு கீபோர்டு வாங்கி, ஆசிரியரிடம் சேர்ந்து, ஏபிஆர்எஸ்எம் என்கிற லண்டன் இசைத் தேர்வு வாரியத்தின் பியானோ கிரேடு 1, கிரேடு 2 இரண்டும் தேறினேன். கிரேடு 2 சான்றிதழைச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அவ்வளவு பெருமை எனக்கு.

கிரேடு 3 தேர்வுக்குச் சென்னை போனேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, விரலை மடியில் வைத்து வாசித்துக்கொண்டே போனேன். காத்திருக்கும் அறையில் எல்லாம் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். ஒரு பையன் என்னிடம், "ஆன்ட்டி, உங்க பொண்ணு உள்ள இருக்காளா?" என்று கேட்டான். அவன் தப்பாக எதுவும் கேட்கவில்லை, ஆனால் அதிலேயே எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. உள்ளே பெரிய பியானோ. நான் வீட்டில் வாசிப்பது லேசான கீ, அங்கே அழுத்தினால்தான் சத்தம் வருகிறது. தயார் பண்ணிக்கொண்டு போன மூன்று பீஸில் (இசைத் துண்டு) முதலாவது எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாவதில் நடுவில் இடது கை தடுமாறி, நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி அதே இடத்தில் நின்றேன். மூன்றாவதில் கை நடுங்கியது. முன்பு பார்க்காத இசைத் தாளைப் பார்த்ததும் வாசிக்கச் சொல்லும் சைட் ரீடிங் வந்தபோது தாளில் இருந்தது எதுவுமே எனக்குத் தெரிந்த எழுத்தாகத் தோன்றவில்லை.

150க்கு 94. தேற 100 வேண்டும். பீஸ் மூன்றும் 22, 19, 18. ஸ்கேல் (சுர வரிசை வாசிப்பது) 13, சைட் ரீடிங் 10, ஆரல் (காதால் கேட்டுப் பதில் சொல்வது) 12.

கடையில் எல்லோரிடமும் தேர்வுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன், திரும்பி வந்ததும் தினமும் கேட்டார்கள். ஆறு மார்க்கில் போச்சு என்று சொன்னதும், "அடடா" என்று பேச்சை மாற்றிவிட்டார்கள். வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு இந்த வயசுல பரீட்சை, சும்மா வாசிச்சாப் போதாதா" என்றார். அக்கறையில்தான் சொன்னார். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. மூன்று வாரமாகக் கீபோர்டு மேல் துண்டு போர்த்திக் கிடக்கிறது. என் ஆசிரியருக்கு 27 வயதுதான், அந்தப் பெண் இரண்டு முறை செய்தி அனுப்பிவிட்டாள், பதில் போட எனக்கு முகம் இல்லை.

திரும்ப அதே தேர்வை எழுதுவதா, விட்டுவிடுவதா? அதைவிட முக்கியமாக, கை நடுங்காமல் திரும்ப உட்கார என்ன செய்வது?

அண்ணாநகர்_பியானோ:

எனக்கு 52 வயது, தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன். அண்ணா நகரில் 18 வருஷமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் அந்த மார்க் ஷீட்டை என்னோடு சேர்ந்து ஒரு தடவை படி. 94 என்ற ஒரே எண்ணைத்தான் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். இந்தத் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் தேர்ச்சி அளவு தனியாக உண்டு: பீஸ் ஒவ்வொன்றுக்கும் 30க்கு 20, ஸ்கேலுக்கு 21க்கு 14, சைட் ரீடிங்குக்கு 21க்கு 14, ஆரலுக்கு 18க்கு 12. எல்லாம் கூட்டினால் 100. ஒரு பகுதியில் குறைந்தாலும் இன்னொன்றில் ஈடுகட்டிவிடலாம், மொத்தம் 100 வந்தால் போதும். இப்போது உன்னுடையதைப் பார். முதல் பீஸில் அளவுக்கு மேல் 2. ஆரல் சரியாக அளவில். இரண்டாவது பீஸ் 1 குறைவு, மூன்றாவது 2 குறைவு, ஸ்கேல் 1 குறைவு. சைட் ரீடிங் மட்டும் 4 குறைவு. உன்னைக் கீழே இழுத்த ஆறில் பெரும்பங்கு அங்கே இருக்கிறது. கீழேயே எக்ஸாமினர் எழுதிய குறிப்பும் இருக்குமே, அதைப் படித்தாயா? பலர் எண்ணைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுவார்கள், படிக்க வேண்டியது அந்த வரிகளைத்தான்.

பெரியவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. பீஸை மூன்று மாதம் அரைத்துத் தள்ளுவார்கள், சைட் ரீடிங்கைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் தொடுவார்கள். பிள்ளைகளுக்குத் தப்பாக வாசித்தால் வெட்கம் இல்லை, தப்போடு கடைசி வரை ஓடிவிடுவார்கள். நமக்குத் தப்பு வந்ததும் நின்று திருத்தத் தோன்றும். கணக்கு எழுதுகிறவள் நீ, ஒரு எண் தப்பானால் அங்கேயே நின்று சரிபார்த்துப் பழகிய கை. வாசிக்கும்போது அது எதிரி. இரண்டாவது பீஸில் நின்று திரும்ப ஆரம்பித்தாய் பார், அதுவும் இதே வியாதிதான், தடுமாறிய இடத்தைத் தாண்டி அடுத்த வரியில் போய்ச் சேர்ந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது.

தினமும் பத்து நிமிஷம், கிரேடு 1 அளவுக்கு எளிய, நீ இதுவரை பார்க்காத எட்டு 'பார்' (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) எடு. முதலில் தாளத்தை மட்டும் கையில் தட்டு. எந்தச் சுரம் அரைப்படி ஏறுகிறது (ஷார்ப்), எது இறங்குகிறது (ஃபிளாட்) என்று பார். அப்புறம் மிக மெதுவாக, ஒரே ஒரு தடவை, எது நடந்தாலும் நிற்காமல் வாசித்துவிட்டு அந்தத் தாளை மூடி வை. திரும்ப வாசிக்காதே, இரண்டாவது தடவை அது சைட் ரீடிங் இல்லை. தேர்வில் பார்ப்பதற்கு அரை நிமிஷம் தருகிறார்கள், அந்த அரை நிமிஷத்தில் வாசித்தும் பார்க்கலாம். நிறையப் பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு முறைத்துப் பார்த்தே அதைக் கழித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, 61 கீ கீபோர்டில் தயாராகி எடையுள்ள, அதாவது அழுத்தி வாசிக்க வேண்டிய கீ உள்ள பியானோவில் போய் உட்கார்ந்தது உன் குற்றம் இல்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். உடனே வாங்கு என்று சொல்லவில்லை, விலை எனக்குத் தெரியும். வாரம் ஒரு நாளாவது எங்காவது உண்மையான பியானோவில் விரலை வைக்க வழி பண்ணு. ஊரில் பழைய தேவாலயங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. வாய் விட்டுக் கேள்.

உன் ஆசிரியருக்கு இன்றைக்கே பதில் போடு. மாணவி தேறாமல் போனால் சொல்லிக்கொடுத்தவளுக்கும் ராத்திரி தூக்கம் வராது. 27 வயதுப் பெண், தன்னால்தானோ என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஓய்வுக்காலச்_சுருதி:

அம்மா, நான் திருமங்கலம். பியானோ பற்றி எனக்கு எதுவும் தெரியாது, நான் வாய்ப்பாட்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று 58 வயதில் ஆரம்பித்தேன், இப்போது 64. மேலே அந்த அம்மா சொன்ன கணக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு வேறு அபிப்பிராயம். ஒரு வருஷம் தேர்வை மறந்துவிடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நானும் ஓர் இசைத் தேர்வில் உட்கார்ந்து சொதப்பியவன். வீட்டில் சுருதிப் பெட்டியோடு ஒழுங்காகப் பாடுவேன், தேர்வாளர் முன்னால் தொண்டை வறண்டு, பயத்தில் பாட்டின் வேகம் கூடிப்போய், இரண்டாம் பகுதியான அனுபல்லவி தாண்டுவதற்குள் தாளத்தை விட்டு எங்கேயோ போய்விட்டேன். அதற்குப் பிறகு தம்புரா சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசையும். என் குருநாதர் ஒன்றும் பேசவில்லை. போய் உட்காரச் சொல்லி, மாயாமாளவகௌளை ராகத்தில், ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடு என்றார். ஒரு மாதம் அது மட்டும்தான். முதல் நாள் எனக்கு அவமானமாக இருந்தது, கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தவனைத் திரும்ப ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்த மாதிரி. பத்தாம் நாள் வாக்கில் குரல் தானாகச் சுருதியில் போய் நின்றதைக் கேட்டேன். முன்பு அப்படி நின்றதே இல்லை.

அப்புறம் நவராத்திரி வந்தது. அக்கம்பக்கத்தில் கொலு வைத்த வீடுகளுக்கு வீட்டம்மாவோடு போய் வீட்டுக்கு ஒரு பாட்டு பாடினேன். ஒன்பது நாளில் பதினோரு வீடு. முதல் வீட்டில் பாதியில் வரி மறந்துபோனது, அந்த வீட்டுப் பாட்டி எடுத்துக்கொடுத்தார்கள், சேர்ந்து பாடி முடித்தோம், சுண்டல் கொடுத்தார்கள். கடைசி வீட்டில் எனக்குக் கண் மூடிக்கொண்டு பாட முடிந்தது. ஆள் முன்னால் பாடுகிற பயம் ஆள் முன்னால் பாடித்தான் போகும், அறைக்குள் எத்தனை மணி நேரம் சாதகம் பண்ணினாலும் போகாது. உங்கள் கிரேடு 1 பாடம் எதையாவது எடுத்து வீட்டில் மகனோ மகளோ இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வில்லாபுரம்_வாசி:

இருவருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன பிறகுதான் குறிப்பைத் திறந்தேன். முதல் பீஸுக்கு, சொற்றொடர்கள் பாடுவது போல இருந்தன என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். மூன்று வாரம் அது அந்தத் தாளில் இருந்திருக்கிறது.

ஐயா, மகள் முன்னால் வாசிக்கத்தான் எனக்கு ரொம்பப் பயம். அவள் இப்போது பத்தாவது.

நரிமேடு_ஆர்கன்:

அக்கா, நான் நரிமேட்டுப் பக்கம் ஒரு சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரண் மாதிரி தெரிந்தாலும் என் அனுபவத்தில் ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது.

சபை பாடிக்கொண்டிருக்கும்போது நான் நிற்க முடியாது. இருநூறு பேர் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். முதல் வருஷம் இடது கை தப்பினால் இடது கையை எடுத்துவிட்டு வலது கையில் ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போவேன், அடுத்த அடியில் இடது கையைச் சேர்த்துக்கொள்வேன். யாருக்கும் தெரியாது. இதைத் தனியாகப் பழகலாம். கைபேசியில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) ஓடவிட்டு, உங்கள் இரண்டாவது பீஸை வாசிக்கும்போது வேண்டுமென்றே ஒரு பாரில் இடது கையை எடுத்துவிட்டு அடுத்த பாரில் சேருங்கள். வேறு வேறு பாரில் செய்யுங்கள். எங்கே விழுந்தாலும் எழுந்து சேர்ந்துகொள்ள முடியும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் நடுக்கத்தில் பாதி குறைந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, மாடிப்படியை இரண்டு தடவை வேகமாக ஏறி இறங்கி, மூச்சு வாங்கும்போதே உட்கார்ந்து உடனே வாசியுங்கள். தேர்வு அறையில் நெஞ்சு அடித்துக்கொள்வது மாதிரியே இருக்கும். அந்த நிலையில் எந்த வேகத்தில் ஆரம்பித்தால் கை தாங்குகிறது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு எழுதுவதா என்றால், பெர்ஃபார்மன்ஸ் கிரேடு என்று 2020இல் அதே ஏபிஆர்எஸ்எம் தொடங்கியது இருக்கிறது. நாலு பீஸை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். ஸ்கேல், சைட் ரீடிங், ஆரல் கிடையாது. ரயில் ஏற வேண்டியதும் இல்லை.

அண்ணாநகர்_பியானோ:

தம்பி சொன்ன இடது கைப் பயிற்சி அருமை, என் மாணவர்களுக்கும் கொடுக்கப் போகிறேன். பெர்ஃபார்மன்ஸ் கிரேடு நல்ல வழிதான், ஆனால் தங்கச்சி, சைட் ரீடிங்கிலிருந்து தப்பிக்க மட்டும் அதை எடுக்காதே. படிக்க வந்துவிட்டால் எந்தத் தாளைக் கண்டாலும் உட்கார்ந்து வாசிக்கலாம், நீ அந்த வாசலில் நின்று கேட்டது அதற்குத்தானே. வீடியோ எடுப்பதற்கும் எடையுள்ள கீ தேவை, அதையும் நினைவில் வை.

ஐயா சொன்ன ஒரு வருஷம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. அவ்வளவு நாள் தள்ளிப்போட்டு அப்படியே விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் தேர்வைப் பற்றிப் பேசாமல் வாசி, அப்புறம் உன் ஆசிரியரோடு உட்கார்ந்து முடிவு பண்ணு.

வில்லாபுரம்_வாசி:

நேற்று ராத்திரி சமையல் முடிந்ததும் துண்டை எடுத்தேன். பார்க்காத எட்டு பார், ஒரே தடவை. நாலு இடத்தில் தப்பு, ஆனால் நிற்கவில்லை. மகள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாள், நான் கூப்பிடவில்லை, அவளாக வந்து கதவில் சாய்ந்துகொண்டு, "அம்மா, ரொம்ப நாளாச்சு" என்றாள். அவளுக்கு முதல் பீஸை வாசித்தேன். தேர்வில் வாசித்ததைவிட மெதுவாக.

ஆசிரியருக்கும் பதில் போட்டுவிட்டேன், சனிக்கிழமை வகுப்பு. அக்கா சொன்னது சரி, அவளும் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

தம்பி, ஒரு சந்தேகம். இடது கையை எடுத்துவிட்டு அடுத்த பாரில் சேரும்போது முதல் அடியில் ஒரு சுரத்தை மட்டும் வைத்துச் சேர்ந்தால் போதுமா, இல்லை முழு கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வைக்க வேண்டுமா?

நரிமேடு_ஆர்கன்:

ஒரு சுரம் போதும் அக்கா. கார்டில் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் அந்த ஒன்று சரியான நேரத்தில் விழுந்துவிட்டால் மேலே உள்ளது அடுத்த பாரில் தானாக வந்துவிடும்.